பிரிந்த பின்னும் நிற்கும் கடன்

ஒருவர் தம் மனைவியைத் தலாக் சொல்லிவிட்டார். பாக்கி நின்ற மஹரைக் கொடுத்துவிட்டார். இத்தாக் காலச் செலவுக்கும் ஒரு தொகையை ஜமாஅத் பெரியவர்கள் முன்னிலையில் எண்ணி வைத்துவிட்டார். பதிவேட்டில் இரு தரப்பாரும் கையெழுத்திட்டாயிற்று. "இனி எனக்கும் அவளுக்கும் என்ன இருக்கிறது? அவள் எனக்கு அந்நியப் பெண். மார்க்கம் விதித்ததைக் கொடுத்துவிட்டேன், என் பொறுப்பு தீர்ந்தது" என்கிறார்.

இவர் சொல்வது சரிதானா? உறவு முடிந்தால் கடமையும் முடிந்துவிடுமா? அனுமதிக்கப்பட்ட ஒன்றைச் செய்துவிட்டதாலேயே ஒரு மனிதன் நல்லதைச் செய்தவனாகி விடுவானா?

இந்தக் கேள்வியை இன்று நாம் கேட்டே ஆக வேண்டும். விவாகரத்துகள் பெருகிவிட்டன என்று ஊருக்கு ஊர் பேச்சு அடிபடுகிறது. பெண்கள் படித்துவிட்டார்கள், அதனால்தான் என்பார் சிலர். கைபேசி வந்ததுதான் காரணம் என்பார் வேறு சிலர். மாமியார்களைக் குறை சொல்வாரும் உண்டு. எல்லோரும் பிரிவின் காரணத்தையே ஆராய்கிறோம். பிரிந்தபின் அந்த வீடுகளில் அடுப்பு எரிகிறதா என்று கேட்பவர் எத்தனை பேர்?

பிரிவு என்பதே பாவமா?

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக் கொள்வோம். இஸ்லாம் திருமணத்தை அவிழ்க்கவே முடியாத முடிச்சாக ஆக்கவில்லை. அனுமதிக்கப்பட்டவற்றுள் அல்லாஹ்வுக்கு மிகவும் வெறுப்பானது தலாக் என்ற கருத்துடைய நபிமொழி அபூதாவூதில் பதிவாகியுள்ளது. அதன் அறிவிப்பாளர் தொடரைப் பற்றி ஹதீஸ் கலை அறிஞர்களிடையே பேச்சு உண்டு. ஆயினும் அதன் கருத்தை நம் பெரியவர்கள் தலைமுறை தலைமுறையாக எடுத்துச் சொல்லி வந்திருக்கிறார்கள். அது வெறுப்பானது, ஆனால் கதவு அடைக்கப்படவில்லை.

ஸாபித் இப்னு கைஸ் (ரலி) அவர்களின் மனைவியார் நாயகம் (ஸல்) அவர்களிடம் வந்தார்கள். கணவரின் குணத்திலோ மார்க்கப் பற்றிலோ குறை ஏதும் அவர்கள் சொல்லவில்லை. ஆனால் அவருடன் வாழ மனம் ஒப்பவில்லை. அந்த நிலையில் தொடர்ந்தால் அல்லாஹ்வுக்கு மாறு செய்துவிடுவேனோ என்று அஞ்சினார்கள். மஹராகப் பெற்ற தோட்டத்தைத் திருப்பித் தர முடியுமா என்று நாயகம் (ஸல்) அவர்கள் கேட்டார்கள், அவர்களும் சம்மதித்தார்கள். தோட்டத்தை ஏற்றுக்கொண்டு மணவிலக்கு அளிக்கும்படி கணவருக்குச் சொல்லப்பட்டது. அவ்வளவுதான். அந்தப் பெண்மணியின் மானத்தை யாரும் கூறு போடவில்லை.

பரீரா (ரலி), முகீஸ் (ரலி) இருவரின் செய்தி அதைவிட உருக்கமானது. அடிமைத் தளையிலிருந்து விடுதலை பெற்ற பரீரா, கணவரோடு இருப்பதா பிரிவதா என்ற உரிமையைப் பெற்றுப் பிரிவைத் தேர்ந்தார். முகீஸ் அழுதபடி, தாடியில் கண்ணீர் வழிய, மதீனாத் தெருக்களில் அவர் பின்னே நடந்தார். நாயகம் (ஸல்) அவர்களின் உள்ளமே இளகி, மீண்டும் அவருடன் சேரலாமே என்று பரீராவிடம் கேட்டார்கள். இது கட்டளையா என்று பரீரா கேட்டார். இல்லை, பரிந்துரைதான் என்று பதில் வந்தது. அப்படியானால் எனக்கு அவர் தேவையில்லை என்றார் பரீரா. அல்லாஹ்வின் தூதரே பரிந்து பேசியும் ஒரு பெண்ணின் மறுப்பு மதிக்கப்பட்டது. இது புகாரியில் உள்ள செய்தி.

ஆகவே, ஒத்து வாழ இயலாத இருவர் பிரிவதை அவமானம் என்று ஆக்கியது மார்க்கமன்று, நாம்தான். பாவம் வேறோர் இடத்தில் இருக்கிறது. பிரியும் முறையில் இருக்கிறது. பிரிந்தபின் கையை உதறிவிடுவதில் இருக்கிறது. அதனினும் கொடியது ஒன்றும் உண்டு: பிரியவும் விடாமல் வாழவும் விடாமல் வைத்திருப்பது.

தொங்கலில் விடப்பட்டவர்கள்

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, இந்தியா முழுவதிலும் எல்லாச் சமயத்தாரையும் சேர்த்து, விவாகரத்து ஆனவர்கள் சுமார் 13 லட்சத்து 60 ஆயிரம் பேர். சட்டப்படி விவாகரத்து ஆகாமலே துணையைப் பிரிந்து வாழ்வோர் அதைப்போல் இரண்டரை மடங்குக்கும் அதிகம். இரு வகையிலும் ஆண்களைவிடப் பெண்களின் தொகையே கூடுதல்; ஆண்கள் மறுமணம் செய்துகொண்டு அந்தக் கணக்கிலிருந்து விலகிவிடுகிறார்கள், பெண்கள் அதிலேயே நின்றுவிடுகிறார்கள்.

இந்தக் கணக்கு நமக்கு என்ன சொல்கிறது? விவாகரத்து பெருகுகிறது என்று பதறுகிறோம். விவாகரத்தும் ஆகாமல் வாழ்வும் இல்லாமல் கிடக்கும் பெண்களின் கூட்டம் அதைவிடப் பெரிது. "தலாக் சொல்லவில்லையே, பெயருக்குக் கணவன் இருக்கிறானே" என்று ஊரும் ஆறுதல் அடைந்துவிடுகிறது.

திருமறை இந்த நிலையைப் பெயர் சொல்லியே கண்டிக்கிறது. மனைவியை அந்தரத்தில் தொங்கவிடப்பட்டவளைப் போல் விட்டுவிடாதீர்கள் என்பது 4:129 வசனத்தின் கருத்து. துன்புறுத்துவதற்காகப் பிடித்து வைத்துக்கொள்வது அல்லாஹ்வின் வசனங்களைக் கேலிப் பொருளாக்குவதற்குச் சமம் என்று 2:231 எச்சரிக்கிறது. அடுத்து 4:130 வசனத்தைப் பாருங்கள். இருவரும் பிரிந்துவிட்டால் அல்லாஹ் தன் அருள்வளத்திலிருந்து ஒவ்வொருவரையும் தன்னிறைவு பெறச் செய்வான் என்கிறது. தொங்கவிடுவதற்கு எச்சரிக்கை, ஒழுங்காகப் பிரிவதற்கோ ஆறுதல்!

நம் நாட்டு ஆலிம்களும் இதை உணராமல் இல்லை. கணவன் காணாமற் போய், அல்லது சோறு போடாமல் கைவிட்டு, ஹனஃபி சட்டத்தின்படி விடுதலைக்கு வழியின்றித் தவித்த பெண்களுக்காக மௌலானா அஷ்ரஃப் அலீ தானவி அவர்கள் மாலிகி மத்ஹபின் தீர்ப்புகளை ஆராய்ந்து நூல் எழுதினார்கள். அந்த முயற்சியின் தொடர்ச்சியாகவே 1939ஆம் ஆண்டின் முஸ்லிம் திருமணக் கலைப்புச் சட்டம் வந்தது. நான்கு ஆண்டு கணவனின் தகவலே இல்லையென்றாலும், இரண்டு ஆண்டு ஜீவனாம்சம் தரத் தவறினாலும் மனைவி நீதிமன்றத்தின் மூலம் விடுதலை பெற அச்சட்டம் வழிசெய்கிறது. இது இருப்பதே தெரியாத குடும்பங்கள் இன்றும் நம்மிடையே எத்தனை!

பணத்தின் கணக்கு

இப்போது பொருளாதாரப் பக்கத்திற்கு வருவோம். "பணத்தைப் பற்றிப் பேசினால் மார்க்கப் பேச்சாகுமா?" என்று சிலர் முகம் சுளிக்கலாம். ஆனால் தலாக்கைப் பற்றித் திருக்குர்ஆன் பேசும் இடங்களில் எல்லாம் பணமும் வீடும் உணவும் உடையும் சேர்ந்தே பேசப்படுகின்றன.

ஒரு வீடு இரண்டாகும்போது என்ன நடக்கிறது? ஒரே வருமானத்தில் ஓடிய குடும்பத்திற்கு இப்போது இரண்டு வாடகை, இரண்டு அடுப்பு, இரண்டு மின்கட்டணம். பத்து ஆண்டு பிள்ளை வளர்த்து வீட்டைப் பார்த்த பெண்ணுக்குக் கையில் தொழில் இல்லை. அவளுடைய நகை அவர் வளைகுடாவுக்குப் போக விசாவுக்கு அடகு வைக்கப்பட்டது, மீட்கப்படவில்லை. அவர் அனுப்பிய பணத்தில் எழுந்த வீடு மாமியார் பெயரில் இருக்கிறது. அவள் குழந்தைகளுடன் வாப்பா வீட்டுக்குத் திரும்புகிறாள். ஓய்ந்து உட்கார வேண்டிய வயதில் அந்த முதியவர் மீண்டும் கடைக்குப் போகிறார். தங்கைக்கு வரவேண்டிய சம்பந்தம் தள்ளிப் போகிறது. ஒரு பிரிவின் செலவை மூன்று தலைமுறை சேர்ந்து கொடுக்கிறது.

கடற்கரை ஊர்களான காயல்பட்டினம், கீழக்கரை போன்றவற்றில் மகளுக்கு வீடு கொடுத்து, மாப்பிள்ளையை அங்கே அழைத்துக்கொள்ளும் வழக்கம் நெடுநாளாக உண்டு. இலங்கையில் காத்தான்குடி போன்ற ஊர்களிலும் இதைக் காணலாம். வீடு கட்டிக் கொடுக்கும் சுமையால் பெற்றோர் நொறுங்குகிறார்கள் என்பது உண்மை. ஆனால் அங்கே பிரிவு நேர்ந்தால் பெண் நடுத்தெருவுக்கு வருவதில்லை என்பதும் உண்மை. மற்ற ஊர்களிலோ கைக்கூலியாக வாங்கிய ரொக்கம் மாப்பிள்ளை வீட்டில் கரைந்துபோகிறது. இலங்கையின் 1951ஆம் ஆண்டு முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டம் கைக்கூலி என்ற சொல்லையே எடுத்தாண்டு, அதைத் திரும்பக் கோரும் உரிமையைப் பெண்ணுக்கு அளிக்கிறது. நம் பக்கம் அதற்கு ரசீதும் இல்லை, சாட்சியும் இல்லை. வாங்கும்போது அன்பளிப்பு, கேட்கும்போது "எப்போது கொடுத்தீர்கள்?"

மஹரின் நிலை என்ன? 4:4 வசனம் அதை மனமுவந்து பெண்ணிடமே கொடுக்கச் சொல்கிறது. நாமோ 1001 ரூபாய் என்று எழுதிவிட்டு, அதையும் பாக்கி வைக்கிறோம். 1980ஆம் ஆண்டு வாக்கில் அந்தத் தொகைக்கு ஏறத்தாழ ஒரு பவுன் கிடைத்தது. இன்று அதைக் கொண்டு கால் கிராம் தங்கம்கூட வாங்க முடியாது. நாற்பது ஆண்டு கழித்து அதே 1001 ரூபாயை நீட்டி "கடன் தீர்ந்தது" என்பவர், எண்ணைக் கொடுத்திருக்கிறார், பொருளைக் கொடுக்கவில்லை. மஹர் என்பது கடன். கணவன் இறந்தாலும் வாரிசுகளுக்குப் பங்கிடுமுன் தீர்க்கப்பட வேண்டிய கடன்.

"அவள் எனக்கு அந்நியப் பெண்"

தொடக்கத்தில் கண்டவரின் வாதத்திற்குத் திரும்புவோம். மஹரையும் இத்தாச் செலவையும் முழுமையாகவே கொடுத்தார் என்று வைத்துக்கொள்வோம். அதற்கு மேல் என்ன கடமை என்கிறார். உறவு அறுந்தவளுக்கு நான் ஏன் கொடுக்க வேண்டும் என்கிறார்.

இது எளிதில் ஒதுக்கித் தள்ளக்கூடிய வாதமன்று. கடமை உறவிலிருந்து பிறக்கிறது என்றால், உறவு போனபின் கடமை எங்கிருந்து வரும்?

கூட்டு வியாபாரத்தை நினைத்துப் பாருங்கள். இரண்டு பங்காளிகள் கடை நடத்தினார்கள், பிரிகிறார்கள். நாளை முதல் ஒருவருக்கொருவர் பங்காளிகள் அல்லர். அதனால் கணக்குப் பார்க்க வேண்டாம் என்று யாராவது சொல்வார்களா? பிரிகிறார்கள் என்பதற்காகவே அன்று கணக்குப் பார்க்கிறார்கள். ஒருவர் போட்ட முதலும் மற்றவர் போட்ட உழைப்பும் அன்றுதான் எடை போடப்படுகின்றன. அந்தக் கடன் நாளைய உறவிலிருந்து பிறக்கவில்லை. நேற்றைய கொடுக்கல் வாங்கலிலிருந்து பிறக்கிறது.

திருக்குர்ஆன் 4:20, 21 வசனங்கள் கொடுத்ததைத் திரும்பப் பறிப்பதைத் தடுக்கின்றன. பொற்குவியலையே கொடுத்திருந்தாலும் அதில் எதையும் எடுக்காதீர்கள் என்ற கருத்தைச் சொல்லி, அதற்குக் காரணமாக எதைக் காட்டுகின்றன? நீங்கள் ஒருவரோடு ஒருவர் கலந்து வாழ்ந்திருக்கிறீர்கள். அவர்கள் உங்களிடம் உறுதியான வாக்குறுதி பெற்றிருக்கிறார்கள் என்பதையே. அதாவது, கடந்துபோன வாழ்வே காரணம்! உறவு இப்போது இருக்கிறதா என்று அங்கே கேட்கப்படவில்லை. அந்தப் பெண் உங்களுக்கு அந்நியமானாள்; நீங்கள் அவளிடம் பெற்ற பத்து ஆண்டு அந்நியமாகவில்லை.

அதனால்தான் 2:241 வசனம், தலாக் சொல்லப்பட்ட பெண்களுக்கு முறைப்படி ஆதரவுப் பொருள் தரவேண்டும், இது இறையச்சம் உடையோர்மீது கடமை என்ற கருத்தை வைக்கிறது. இதை அரபியில் 'மதாஉ' என்பார்கள். வாழ்ந்து பிரிந்த மனைவிக்கு இதைக் கொடுப்பது ஷாஃபிஈ மத்ஹபில் வாஜிப். ஹனஃபி மத்ஹபில் அத்தகைய பெண்ணுக்கு அது முஸ்தஹப், விரும்பத்தக்கது. மஹர் நிச்சயிக்கப்படாமல், கூடுவதற்கு முன்பே பிரிக்கப்பட்டவளுக்குத்தான் வாஜிப். நம் கடற்கரை ஊர்களில் பெரும்பாலோர் ஷாஃபிஈகள். அவர்களில் எத்தனை பேர் மதாஉ கொடுத்துப் பிரிந்திருக்கிறார்கள்? ஹனஃபி சகோதரர்களிடம் கேட்போம்: முஸ்தஹப் என்பதன் பொருள் விட்டுவிடத்தக்கது என்பதா? மீலாது விழாவுக்குத் தோரணம் கட்டுவதில் நாம் காட்டும் ஆர்வத்தில் நூற்றில் ஒரு பங்கு இந்த நன்மையில் உண்டா?

இதற்கும் மேலே ஒரு படி இருக்கிறது. 2:237 வசனம், கூடுவதற்கு முன்பே பிரியும் தம்பதியரின் பாதி மஹரைப் பற்றிப் பேசுகிறது. மிகச் சிறிய உறவு. ஓர் இரவுகூடச் சேர்ந்து வாழாதவர்கள். அவர்களிடமே விட்டுக்கொடுப்பது இறையச்சத்திற்கு நெருக்கமானது என்றும், உங்களிடையே தாராளத் தன்மையை மறந்துவிடாதீர்கள் என்றும் சொல்லப்படுகிறது. வாழவே தொடங்காதவர்களிடம் இது எதிர்பார்க்கப்படுகிறது என்றால், பிள்ளைகள் பெற்று வாழ்ந்தவர்களிடம் எவ்வளவு எதிர்பார்க்கப்படும்!

சட்டம் சொல்வது நாம் விழக்கூடாத கீழ்த்தளம். இஹ்ஸான் என்பது நாம் ஏற வேண்டிய மாடி. அழகிய முறையில் விடுவித்தல் என்று 2:229 சொல்லும்போது அந்த இஹ்ஸான் என்ற சொல்லே வருகிறது. கீழ்த்தளத்தில் நின்றுகொண்டு "விழவில்லையே" என்று பெருமைப்படுபவன் மாடிக்கு ஏறிவிட்டதாக எண்ணக்கூடாது.

நீதிமன்றம் ஏன் வந்தது?

ஷாபானு அம்மையாரின் வழக்கைப் பற்றி நாம் நிறையப் பேசியிருக்கிறோம். இந்தூரில் 1932இல் மணம், கணவர் வழக்கறிஞர். 1975இல் வீட்டை விட்டு வெளியேற்றம், 1978இல் தலாக். 1979இல் மாஜிஸ்திரேட் விதித்த ஜீவனாம்சம் மாதம் 25 ரூபாய்! உயர் நீதிமன்றம் அதை 179 ரூபாய் 20 காசாக உயர்த்தியது. 1985 ஏப்ரல் 23இல் உச்ச நீதிமன்றம் கணவரின் மேல்முறையீட்டைத் தள்ளியது. ஷரீஅத்தில் நீதிமன்றம் தலையிடுகிறது என்று நாடெங்கும் கூட்டங்கள் நடந்தன. அந்தக் கவலைக்குக் காரணம் இல்லாமல் இல்லை. ஆனால் 43 ஆண்டு இல்லறம் நடத்திய ஒரு மூதாட்டி மாதம் 25 ரூபாய்க்காக நீதிமன்றப் படி ஏற வேண்டி வந்ததைப் பற்றி எத்தனை கூட்டம் நடந்தது?

1986இல் வந்த சட்டம், நியாயமான ஏற்பாட்டையும் ஜீவனாம்சத்தையும் இத்தாக் காலத்திற்குள் செய்து தர வேண்டும் என்றது. 2001இல் டேனியல் லத்தீஃபி வழக்கில் உச்ச நீதிமன்றம், அந்த ஏற்பாடு அவளுடைய வருங்கால வாழ்வுக்கும் சேர்த்துத்தான் என்று விளக்கியது. 2002இல் ஷமீம் ஆரா வழக்கில், தக்க காரணமும் சமரச முயற்சியும் இல்லாத தலாக் செல்லாது என்றது. ஒரே மூச்சில் சொல்லும் முத்தலாக்கை 2017இல் செல்லாததாக்கியது. 2019இல் அது மூன்றாண்டு வரை சிறைத் தண்டனைக்குரிய குற்றமாயிற்று. விவாகரத்தான முஸ்லிம் பெண் பொதுச் சட்டத்தின்படியும் ஜீவனாம்சம் கோரலாம் என்று 2024 ஜூலையில் தீர்ப்பு வந்தது.

இவற்றில் எதை ஏற்பது, எதை மறுப்பது என்பதில் கருத்து வேறுபாடு இருக்கலாம். கணவனைச் சிறைக்கு அனுப்பிவிட்டால் சோற்றுக்கு வழி எங்கே என்ற கேள்வியும் நியாயமானதே. ஆயினும் ஒன்றை மறுக்க முடியாது. இரு குடும்பத்திலிருந்தும் ஒவ்வொரு நடுவரை வைத்துப் பேசுங்கள் என்ற 4:35 வசனத்தை நாம் நடைமுறைப்படுத்தியிருந்தால், அதை நமக்கு நினைவூட்ட நீதிமன்றம் தேவைப்பட்டிருக்காது. வீட்டுக் கதவை நாம் திறந்து போட்டோம். அதன் வழியாகத்தான் வெளியார் வந்தார்கள்.

மறுபக்கமும் உண்டு

கடமை ஒரு பக்கத்துக்கு மட்டுமானதன்று. பிரிவில் நொறுங்கிப்போகும் ஆண்களும் உண்டு. முகீஸின் கண்ணீரை நபித்தோழர்களே கண்டார்கள். நல்ல மனிதர்மீது இல்லாத பழியைச் சுமத்தி, தாங்க முடியாத தொகையைக் கேட்டு வழக்குப் போடுவதும் அநீதிதான். 65:7 வசனம் அவரவர் வசதிக்கேற்பவே செலவிடச் சொல்கிறது; எவரையும் அவருக்குக் கொடுக்கப்பட்டதற்கு மேல் அல்லாஹ் சிரமப்படுத்துவதில்லை என்கிறது. அதேபோல், மனைவி குலா கேட்கும்படி வேண்டுமென்றே வாட்டி, மஹரையும் நகையையும் பறித்துக்கொண்டு விடுவிப்பதும் 4:19 வசனம் தடுத்த செயலே.

குழந்தைகளின் விஷயத்தில் இது இன்னும் கூர்மையாகிறது. பால்குடிப் பிள்ளையைப் பற்றிப் பேசும் 2:233 வசனம், குழந்தையைக் காரணமாக வைத்துத் தாய்க்கும் தீங்கு கூடாது, தந்தைக்கும் தீங்கு கூடாது என்கிறது. பிள்ளையைக் காட்டாமல் தந்தையைப் பழிவாங்கும் தாயும், பள்ளிக் கட்டணத்தை நிறுத்தித் தாயைப் பழிவாங்கும் தந்தையும் ஒரே வசனத்தைத்தான் மீறுகிறார்கள். மனைவி அந்நியமாகலாம், மகன் எந்த நாளும் அந்நியமாவதில்லை. அவனுடைய உணவும் படிப்பும் தந்தையின் தருமமன்று, கடன்.

செய்யக்கூடியவை

நம் கையில் என்ன இருக்கிறது? நிகாஹ் பதிவேட்டில் மஹரைத் தங்கத்தின் எடையில் எழுதலாம், அன்றே கொடுக்கலாம். கைக்கூலியை ஒழிக்க வேண்டும். அது ஒழியும் வரை, பெண் வீட்டிலிருந்து வந்தவை அனைத்தையும் அவள் பெயரில் பட்டியலிட்டு இரு சாட்சிகளுடன் ஜமாஅத்தில் வைக்கலாம். சச்சரவு எழுந்ததுமே பெட்டியோடு பெண்ணைத் தாய் வீட்டுக்கு அனுப்பும் வழக்கத்தை நிறுத்த வேண்டும். இத்தாவிலும் அவர்களை வெளியேற்றாதீர்கள் என்று சொல்லும் 65:1 வசனம் அந்த வீட்டை 'அவர்களுடைய வீடு' என்றே குறிப்பிடுகிறது. அதன்பின் அல்லாஹ் வேறொரு வழியை உண்டாக்கக்கூடும் என்ற நம்பிக்கையும் அங்கேயே இருக்கிறது. தலாக் தவிர்க்க முடியாததானால் ஒன்றோடு நிறுத்தி, சாட்சிகள் முன் சொல்ல வேண்டும்; கைபேசியில் அல்ல. பிரிவுப் பதிவில் கையெழுத்து வாங்குமுன், மஹர், நகை, மதாஉ, பிள்ளைகளின் செலவு ஆகிய நான்கும் முடிவானதா என்று முத்தவல்லி கேட்க வேண்டும்.

இவற்றுக்குப் புதுச் சட்டம் எதுவும் வேண்டாம். ஜமாஅத் கூட்டத்தில் ஒரு தீர்மானம் போதும்.

"என் பொறுப்பு தீர்ந்தது" என்று சொன்னவரிடம் நாம் சண்டை போட வேண்டியதில்லை. ஒன்றே ஒன்றைக் கேட்கலாம்: "மதாஉ இறையச்சம் உடையோர்மீது கடமை என்று திருமறை சொல்கிறதே, நீங்கள் அந்தக் கூட்டத்தில் சேர விரும்பவில்லையா?"

சேர்ந்து வாழும்போது நல்லவராக இருப்பது பலருக்கும் எளிது. பாசம் துணை நிற்கும். பாசம் வற்றிப்போன நாளில், பார்ப்பவர் இல்லாத இடத்தில், திரும்பக் கிடைக்க எதுவும் இல்லாதபோது ஒருவர் காட்டும் தாராளமே அவருடைய தக்வாவின் உண்மையான எடை.

வல்ல அல்லாஹ் நம் இல்லங்களை அன்பால் நிரப்புவானாக! பிரிய நேர்ந்தவர்களுக்கு அழகிய முறையில் பிரியும் மனத்தைத் தந்து, இருவரையும் தன் அருள்வளத்தால் தன்னிறைவு பெறச் செய்வானாக! ஆமீன்.